மானுக்கு எதை நடுவது: வில்லோவா, ஆற்றுப்பாலையா, நாட்டுக்கருவேலா?

வட அமெரிக்காவில் மானுக்காக நிலத்தைத் திருத்துகிறவர்கள் ஈரமான இடம் என்றால் வில்லோவைத்தான் முதலில் நினைக்கிறார்கள். கிரிக்கெட் மட்டை செய்கிற அதே குடும்பத்து மரம். குளிர்காலம் முடியும் தறுவாயில், இலை துளிர்க்கும் முன்னே, விரல் பருமனுள்ள குச்சியை வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இறங்கும்படி ஓடையோரச் சேற்றில் ஊன்றிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். வளர்ந்தபின் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து கொத்துக்கொத்தாகக் கிளை வெடிக்கும். அந்த இளங்கிளையை அங்குள்ள வெள்ளைவால் மான் விரும்பிக் கடிக்கும். இதையெல்லாம் காணொளியில் பார்த்துவிட்டு என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, குச்சிய ஊனுனாப் போதும்கிறாங்க. நம்ம பள்ளக்காட்டுலயும் ஊனிப் பாத்தா என்ன?"

பள்ளக்காடு என்று அவன் சொன்னது ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடிப் பக்கம் ஒரு கண்மாயின் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியை, ஒட்டிக் கிடக்கும் எங்கள் பட்டா நிலம். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறினால் தை மாசி வரை கால் புதையும். பங்குனியில் மண் இறுகி, சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். வெள்ளாமைக்குச் சரிப்படாது. ஆனால் சேறு காயும் நாட்களில் புள்ளிமான் குளம்பு பதிந்திருப்பதைப் பார்க்கலாம். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் இப்படிப்பட்ட நிலம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும் என்றுதான் எங்கள் முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மானுக்கு மரம் நடுபவர்களில் பெரும்பாலானோர் வேட்டைக்காரர்கள். மான் தன் நிலத்துக்கு வர வேண்டும், தங்க வேண்டும், பருவம் வந்ததும் சுட வேண்டும். அங்கே அது சட்டப்படி நடக்கிற காரியம். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானைத் தொடக்கூடாது. நமக்கு வேண்டியது வேறு. கோடையில் தண்ணீர் தேடி ரோட்டுக்கும் ஊருக்கும் வந்து வண்டியில் அடிபடாமல், நாய் கடித்துச் சாகாமல், சுவரில்லாத கிணற்றில் விழாமல், மான் தன் இடத்திலேயே பிழைத்துக்கிடக்க வழி செய்வது. நோக்கம் மாறும்போது மரமும் மாறித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, பஞ்சம் எந்த மாதத்தில் வருகிறது என்ற கேள்வி. நான் எல்லா வழிகளையும் இதை வைத்துத்தான் அளந்தேன். பனி பெய்யும் நாட்டில் மானுக்குப் பஞ்சம் குளிர்காலத்தில். புல்லெல்லாம் பனிக்கு அடியில் போய்விடும். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற குச்சியும் மொட்டும்தான் உயிர் பிடித்து வைக்கும் தீனி. வில்லோ அந்தப் பஞ்சத்துக்கான மரம். நம் ஊரில் மார்கழியில் மானுக்கு என்ன குறை? அருகும் கோரையும் எங்கும் பச்சை, பள்ளமெல்லாம் தண்ணீர். பங்குனி பிறந்து ஆடி ஆவணி வரைக்கும்தான் பாடு. புல் கருகிவிடும், கண்மாய் வற்றிவிடும், நிழல் சுருங்கிவிடும். அந்த ஐந்தாறு மாதத்தில் கை கொடுக்காத எந்த மரமும் மற்ற மாதங்களில் எவ்வளவு செழித்தாலும் மானுக்குப் பெரிய உபகாரமில்லை.

இந்த அளவுகோலில் குளிர்நாட்டு வில்லோ நிற்கவே நிற்காது. அதற்கு ஆண்டு முழுவதும் வேர் ஈரத்தில் இருக்க வேண்டும், உறங்குவதற்குக் குளிர் வேண்டும். அதன் பெரும்பாலான வகைகளுக்கு உப்பும் ஆகாது. இங்கே குளிர் கிடையாது, கடல் பக்கத்தில் இருக்கிறது, சித்திரையில் மண் பிளக்கிறது. குச்சியை ஊன்றினால் மார்கழியில் துளிர்க்கக்கூடும், வைகாசியில் விறகாகிவிடும். அதோடு, வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்து நீர்நிலையோரம் ஊன்றிய பலனை இந்த மாவட்டம் ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"வில்லோ வேண்டாம், நம்ம நாட்டு வில்லோ இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆற்றுப்பாலை அந்தக் குடும்பத்து மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடையோரங்களில் தானாகவே வளரும். குச்சி ஊன்றினாலும் வரும். அதன் தழையை ஆடுமாட்டுக்கு வெட்டிப் போடுவதுண்டு, மானும் கடிக்கும். தேனிப் பக்கமோ வால்பாறைப் பக்கமோ வற்றாத ஓடை ஓடும் நிலம் வைத்திருப்பவர் என்னைக் கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். ராமநாதபுரத்துக்கு வைகை வருவதே வருடத்தில் சில நாள். பெரிய கண்மாயே கோடையில் வறண்டு கிடக்கிறபோது வற்றாத ஓடைக்கு எங்கே போவது? ஆகவே இதையும் தள்ளிவிட்டேன். மரத்தில் குறையில்லை, அது கேட்கிற தண்ணீர் நம்மிடம் இல்லை.

இனி, எதையும் நடாமல் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம் என்ற வழி. இருப்பது சீமைக்கருவேல். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இரண்டு கட்சியாகிவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம் நம் கண்மாய், ஊருணி, வரத்துக்கால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டது உண்மை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும், 2022இல் தமிழ்நாடு அரசு அயல் களைத்தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்ததும் அந்தக் கேட்டினால்தான். இதன் காய் இனிப்பு. மான் தின்னும், ஆடு தின்னும், தின்றது புழுக்கையோடு போன இடமெல்லாம் முளைக்கும். கோடியக்கரையில் வெளிமான் மேய்கிற புல்வெளியை இது எப்படி விழுங்கியது என்பது ஊரறிந்த கதை. மாட்டுக்கு இந்தக் காயையே முழுத் தீனியாகப் போட்டால் அசைபோடுவதே நின்றுபோகும் அளவுக்கு நோய் வரும்.

ஆனாலும் ஒரே நாளில் பொக்லைன் விட்டுப் புரட்டிப்போடுவதை நான் ஏற்கவில்லை. இன்றைய தேதியில் எங்கள் பக்கத்து மான் பகலில் படுத்துக்கிடக்கிற ஒரே மறைப்பு அந்த முள்காடுதான். நாய் துரத்தினால் அது நுழைந்து தப்பிக்கிற இடமும் அதுதான். சித்திரை வெயிலில் மொத்தத்தையும் வழித்தெடுத்துவிட்டால் மறுநாள் மான் எங்கே போகும்? ரோட்டுக்குத்தான் போகும். கரிமூட்டக்காரர்களிடம் குத்தகைக்கு விட்டால் காசும் வரும். ஆனால் அவர்களுக்கு விறகுதான் கணக்கு, தூரை விட்டுவிட்டு மரத்தை மட்டும் வெட்டிப் போவார்கள். ஒரே மழையில் ஒன்றுக்குப் பத்தாகத் தழைத்துவிடும். பத்தை பத்தையாக, தூரோடு பிடுங்கி, பிடுங்கிய இடத்தில் நம் மரம் நிழல் கட்டிய பிறகு அடுத்த பத்தைக்குப் போவதுதான் முறை. சில வருடம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

அந்த நம் மரம் எது என்றால், என் வரையில் நாட்டுக்கருவேல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்மாய் உள்வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் மாதக்கணக்கில் நிற்கும். தண்ணீர் வற்றி மண் வெடித்த பிறகும் அசராமல் நிற்கும். ஈரம், வறட்சி இரண்டையும் ஒரே வருடத்தில் தாங்குகிற மரம் இந்த மண்ணில் அதிகமில்லை. ஓரளவு உவரையும் பொறுத்துக்கொள்ளும். வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்தை மண்ணுக்கே கொடுப்பதால் அடியில் புல் வரும். சீமைக்கருவேல் போல அடியை இருட்டடித்துவிடாது. இதன் நிழல் சல்லடை நிழல். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் காய் முற்றி உதிர்வது கோடையில். மணி மணியாக இடை சுருங்கிய சாம்பல் நிறக் காய். புல் கருகிய மாதத்தில் மரத்தடியில் அது விழுந்து கிடக்கும். புல் மேய்வதில்தான் புள்ளிமானுக்கு நாட்டம் என்றாலும் உதிர்ந்த காய், பழம், பூ என்றால் தேடி வந்து பொறுக்கும். வடக்கே காடுகளில் குரங்கு மரத்திலிருந்து தழையைப் பிய்த்துப் போட, கீழே மான் நின்று தின்னும் என்பார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையை ஆட்டுக்கிடை போடுகிற கீதாரிகள் செய்கிறார்கள். தொரட்டியால் உலுக்கி ஆட்டுக்குக் காய் உதிர்ப்பார்கள்; ஆடு போனபின் மிச்சத்துக்கு மான் வரும்.

இந்த மரத்துக்கு இன்னொரு வரவும் உண்டு. முதுகுளத்தூர்ப் பக்கம் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயங்களாயின. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் இரண்டும் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பு வந்தது. அங்கே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில்தான். மானுக்கென்று நட்ட மரம் நாளைக்கு நாரைக்கும் ஆகும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெருமையாகச் சொல்கிற மாவட்டம் இது. நாரைக்கும் கண்மாய்க்கும் உள்ள உறவை யாரும் இங்கே புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடுவதில் சில நுணுக்கம் இருக்கிறது. விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் ஒன்று முளைக்கும், ஒன்று முளைக்காது. ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாக முளைக்கும் என்பதால் கிடை போட்ட இடத்தில் கூட்டி எடுப்பதே சிறந்தது. "காச எதுக்குத் தம்பி குடுக்குற? கிடைய மாத்துற அன்னிக்கு வந்து கூட்டி அள்ளிக்க" என்று எங்கள் காட்டில் கிடை போடுகிற கீதாரி அய்யா சொன்னார். ஆடு அசைபோடும்போது துப்புகிற விதையும் அதில் கிடக்கும். கிடை இல்லாதவர்கள் கொதித்து இறக்கிய வெந்நீரில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைக்கலாம். பள்ளத்தில் நேராக ஊன்றக்கூடாது. இளங்கன்று முழுதாக முங்கினால் அழுகிவிடும். முழங்காலுக்கு மேல் உயரமாக மண்மேடு கட்டி, மேட்டின் தோளில் ஊன்ற வேண்டும். மேடு கட்ட மண் தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கி, அக்கம்பக்க ஈரம் சில வாரம் கூட நிற்கும்.

அடைப்பு இல்லாமல் நட்டால் உழைப்பு மொத்தமும் வீண். அமெரிக்காவில் கன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழாய் மாட்டுகிறார்கள். நமக்கு அது வேண்டாம், பிடுங்கிப்போட்ட சீமைக்கருவேல் முள்ளே இருக்கிறது. அதையே வளைத்து அடைத்துவிட்டால் ஆடும் நெருங்காது, கொம்பு உரசுகிற கிடா மானும் நெருங்காது. கன்றை எது கடித்தது என்று தெரிந்துகொள்ள நுனியைக் குனிந்து பார்த்தால் போதும். முயல் கடித்த நுனி கத்தியால் சாய்த்து வெட்டினாற்போல வழவழப்பாக இருக்கும். மானுக்கும் ஆட்டுக்கும் மேல்வரிசையில் முன்பல் இல்லை. கடித்து இழுக்கும், அதனால் நுனி பிய்ந்து நார் தொங்கும். முயலென்றால் முள்ளைத் தரையோடு நெருக்க வேண்டும். மானென்றால் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

மற்ற மரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாவல் தண்ணீர் தேங்குவதைத் தாங்கும், ஆனி ஆடியில் பழம் உதிர்க்கும். பஞ்ச மாதக் கணக்கில் அருமையான மரம். ஆனால் நல்ல தண்ணீர் கேட்கும், உவரில் குன்றிப்போகும். கரை மேல் ஓரிரண்டு வைக்கலாம். நீர்மருது ஆற்றங்கரை மரம். பார்க்க அழகு, மானுக்கு அதில் தீனி அதிகமில்லை. புங்கை நிழலுக்கு நல்லது, உப்பும் தாங்கும், தழையை ஆடே சுமாராகத்தான் தொடும். கரையில் ஆலோ அரசோ ஏற்கெனவே இருந்தால் அதை விட்டுவைப்பதே பெரிய காரியம். உதிர்கிற பழத்துக்கும் நிழலுக்கும் ஈடில்லை.

நிலம் கடலை நெருங்க நெருங்கக் கணக்கு வேறாகும். வாலிநோக்கம், மூக்கையூர்ப் பக்கத்து ஈரநிலம் கண்மாய் ஈரமல்ல, உப்பு ஈரம். மேலே வெள்ளை பூத்த மண்ணில் கருவேலும் திணறும். அங்கே உகா மரம் தானாக நிற்கிறது. சிறு பழம் உண்டு, அடர்ந்த தாழ் நிழல் உண்டு, உப்பு அதற்குப் பொருட்டில்லை. கொஞ்சம் மேடான மணல்பாங்கில் குடைவேல் இந்தக் கடற்கரைக்கே உரிய மரம். தண்ணீர் தேங்கினால் ஆகாது, ஆனால் உச்சிவெயிலில் அதன் குடைக்கடியில் மந்தையே ஒதுங்கும். உமரி படர்ந்த சதுப்பும், மழைக்குப் பிறகு சலசலவென்று தண்ணீர் பரவிக் காய்கிற உப்புத்தரவையும் இருந்தால் அதில் எதையும் நடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பூநாரையும் உள்ளானும் இரை எடுக்கிற வெட்டவெளி அது. வெட்டவெளி என்பதால் வீணாய்க் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. வெளிமான் இருக்கிற இடங்களுக்கும் இதே பேச்சுதான். திறந்த புல்வெளியில் ஓடி வாழ்கிற உயிருக்கு மரம் அடர்த்துவது உதவியாகாது. மண்ணின் உப்பை நாக்கில் வைத்துச் சொல்லிவிட முடியாது. ராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எதையும் வாங்கி நடுமுன் அங்கே போய்க் கேட்டுக்கொள்வது நல்லது.

மரத்தை விடத் தண்ணீருக்கு முதலில் செலவழிப்பதா என்று எங்கள் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. தண்ணீருக்குத்தான் முதலிடம் என்றேன், இப்போதும் அதுதான் என் முடிவு. கோடையில் மான் சாவது பெரும்பாலும் தண்ணீர் தேடி அலைகிற வழியில்தான். குழியை ஆழமாகத் தோண்டக்கூடாது. இந்தக் கரையில் நல்ல தண்ணீர் மேலாக மிதக்கிறது. ஆழம் போனால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். அகலமாக, ஆழம் குறைவாக, குறைந்தது ஒரு பக்கமாவது மாடு இறங்கி ஏறும்படி நீண்ட சரிவாக வெட்டினால் மான் பயமில்லாமல் குடிக்கும். நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டித் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை மானுக்குப் பொறி. வழுக்கி விழுந்தால் ஏற முடியாது. அப்படிக் குட்டை வைத்திருப்பவர்கள் வேலி போடட்டும், இல்லையென்றால் கயிற்று வலையாவது ஒரு பக்கம் தொங்கவிடட்டும். குட்டையைச் சுற்றி அருகு தானாகப் படரும். மானுக்கு இலை தழையைவிட அதுதான் பிடித்த தீனி.

இவ்வளவும் செய்து மானை வரவழைத்துவிட்டால் பக்கத்து வெள்ளாமை என்ன ஆகும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நாற்றையும் பயறையும் மான் விட்டுவைக்காது. பக்கத்துக் காட்டுக்காரர் மிளகாயும் பருத்தியும் போட்டு வருடம் முழுக்கப் பாடுபடுகிறவர்; என் ஆசைக்கு அவர் நட்டப்படக்கூடாது. ஆகவே நிலத்தின் எந்த மூலையில் நடுகிறோம் என்பது எதை நடுகிறோம் என்பதற்குக் குறைந்ததல்ல. பயிர்க்காட்டுப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் வெறுமையாக விட்டு, கண்மாயை ஒட்டிய உள்மூலையில் மரமும் குட்டையும் இருந்தால் மானுக்குச் சாலையைக் கடக்க வேண்டிய தேவை குறையும். கண்மாய்க்குள்ளேயே நடலாமே என்று தோன்றும். அது அரசு நிலம், அனுமதி இல்லாமல் ஒரு கன்றும் ஊன்றக்கூடாது. சரணாலயக் கண்மாயென்றால் வனத்துறையைக் கேட்காமல் எதுவும் கூடாது.

என் மருமகனோடு பேசி நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். ஆடிக்குள் உள்மூலையில் சரிவான குட்டை. அதே மண்ணில் மேடு. சீமைக்கருவேலில் ஒரு பத்தையை மட்டும் தூரோடு எடுத்து முள்ளை அடைப்புக்கு வைத்துக்கொள்வது. புரட்டாசி முதல் மழையில் கிடையிலிருந்து அள்ளிய கருவேல விதையை மேட்டுக்கு நாலைந்தாக ஊன்றி, முளைத்ததில் திடமான ஒன்றை விடுவது. கரையில் இரண்டு நாவல். அடுத்த சித்திரையில் குட்டை வற்றினால் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, கருவேல் காய்ப்புக்கு வரும் வரை ஒவ்வொரு கோடையும். மிச்சமிருக்கும் சீமைக்கருவேலை அதுவரை தொடப்போவதில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, அவர் வரப்போரத்திலும் எங்கள் செலவில் முள் அடைத்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம்.